வாலால் தட்டினால் கரை

தண்ணீருக்கடியில் இருக்கும் பவளப்பாறையைக் கரையில் வாழ்பவர்களுக்குச் சுற்றிக்காட்டுவதுதான் அந்த ஆமைக்குத் தொழில். விருந்தாளியை முதுகில் ஏற்றி, மூச்சுவிட வாயில் ஒரு பப்பாளித் தண்டைக் கொடுத்து, முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கச் சொல்லும். தண்டைக் கவ்விய வாயால் பேச முடியாதல்லவா? அதனால், "பயமா இருந்தா வாலால என் முதுகுல தட்டுங்க, உடனே கரைக்குத் திரும்பிடலாம்" என்று முதலிலேயே சொல்லிவைக்கும்.

ஒருநாள் நாய் வந்தது. முதல் மீன்கூட்டம் தெரிந்ததுமே ஆமையின் முதுகில் படபடவென்று வால் தட்டியது. ஆமை பதறியடித்துக் கரைக்குத் திரும்பியது. மறுபடி போனார்கள், மறுபடியும் தட்டு. மூன்றாம் முறை ஆமைக்கு மனசே விட்டுப்போயிற்று.

"என் பாறை அவ்வளவு பயங்கரமாவா இருக்கு?" என்று கேட்டது.

"பயமா? ஐயோ அக்கா, சந்தோஷம் வந்தா என் வால் சொன்ன பேச்சு கேக்காது. நீங்கதான் என்னைப் பார்க்கவே விடமாட்டேங்கிறீங்க!" என்றது நாய்.

ஆமைக்கு உச்சி குளிர்ந்தது. அன்று பொழுது சாயும்வரை நாயைச் சுமந்தே திரிந்தது. 'இத்தனை வருஷமா எத்தனை பேரோட சந்தோஷத்தைப் பாதியில கெடுத்தேனோ' என்று தன்னையே நொந்தும் கொண்டது.

மறுநாள் பூனை வந்தது. பழக்கதோஷத்தில் ஆமை அதே பேச்சைச் சொல்லித்தான் ஏற்றிக்கொண்டது. முகத்தில் தண்ணீர் பட்டதுமே பூனையின் வால், சொல்லிவைத்தபடி, பட்டுப்பட்டென்று முதுகில் அடித்தது.

"அடடா, இவ்வளவு பிடிச்சுப்போச்சா!" என்று பூரித்த ஆமை, நேரே நடுக்கடலைப் பார்த்து நீந்தத் தொடங்கியது.