அடுத்த அறைக்குப் புரியாத மொழி

மாடிப்படி ஏறும்போதே சிரிப்பு கேட்டது.

அவன் மறந்துவிட்டு வந்த செல்போன் அவள் கையில் இருந்தது. கீழே மருந்துக்கடை. மேலே அவன் நடத்தும் ஆங்கில வகுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் இங்கே வருவது இதுதான் முதல் முறை.

கதவு பாதி திறந்திருந்தது.

ஒருமை, பன்மை என்று பலகையின் உச்சியில் எழுதியிருந்தான். கீழே ஒரு வாக்கியம். அதில் இரண்டு இடங்களில் சிவப்புக் கோடு.

யுவர் பீப்பிள்ஸ் டஸ்ன்ட் லைக் மீ.

அவன் அதைப் படித்துக் காட்டினான். பெண் குரலில். கடைசிச் சொல்லில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வகுப்பு மறுபடியும் சிரித்தது.

அவள் வாசலிலேயே நின்றாள்.

வீட்டில் அவனும் அவளும் தங்கள் அறையில் எது பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும். மாமனாருக்கும் மாமியாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அதனால்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினான். தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, இது நம் இருவருக்கு மட்டும் என்றான்.

போன வாரம் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு மாமனாரும் மாமியாரும் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். அவளைக் கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டாருக்கு என்னைப் பிடிக்கவில்லை.

தமிழில் சொல்லத் துணியாததை அன்று அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அவன் தலையைத் தடவிக்கொடுத்தான். எதையும் திருத்தவில்லை.

முதல் பெஞ்சில் ஒரு பெண், இப்படி யார் சார் பேசினது என்று கேட்டாள்.

பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்றான்.

பிறகுதான் வாசலைப் பார்த்தான்.

மாணவர்கள் எழுந்து குட் மார்னிங் மேம் என்றார்கள். அவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"மேடத்துக்கு இங்கிலீஷ் வராதுப்பா. உட்காருங்க."

அவள் போனை மேசையில் வைத்தாள். அவன் பலகையை மறைத்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது மாமனார் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மாமியார் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். கோபமா என்று ஆங்கிலத்தில் கேட்டான், தாழ்ந்த குரலில்.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

அதே வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். மிக்ஸி சத்தத்துக்கு மேல் கேட்கும்படி.

மிக்ஸி நின்றது.