புது நம்பர்

காலையிலிருந்து இது ஏழாவது அழைப்பு.

"அருள்ராஜ், தவணை எப்பக் கட்டுறீங்க?"

"நான் அருள்ராஜ் இல்லீங்க, சத்தியமா!" முருகானந்தம் கெஞ்சினார். "இது அவர் விட்டுட்டுப் போன நம்பரா இருக்கும்."

"அப்ப உங்க ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்."

முருகானந்தம் போனின் மைக்கை விரலால் பொத்தினார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி வேணி பொரிந்தாள். "அனுப்பித் தொலைங்களேன்! நாம என்ன யார் காசையாச்சும் தூக்கிட்டா வந்துட்டோம்?"

அவளிடம் எப்படிச் சொல்வது? மூன்று மாதமாக, "முருகானந்தம், தவணை எப்பக் கட்டுறீங்க?" என்று பழைய நம்பரில் உயிரை எடுத்ததும் இதே குரல்தான். அதற்குப் பயந்துதான் போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இந்தப் புது சிம்மை வாங்கினார்.

"அருள்ராஜ், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றார் முருகானந்தம்.