நாற்பத்தொன்றாவது நிமிடம்

"அந்தப் புல்லைப் பாரு ரூபி! பழைய டிஸ்க்ல வெறும் பச்சைக் கறையா இருந்துச்சு. இப்ப ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுதுல்ல?"

"தெரியுது லா. பதினோராவது தடவையா தெரியுது," என்றாள் ரூபினி. "படத்தை ஓட விடுங்க."

தயாளன் விடவில்லை. ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். டிவியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றுகொண்டு குட்டி நீர்நாயின் மீசை முடிகளை எண்ணத் தொடங்கினார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் வேலை அவருக்கு. வாரம் ஆறு நாள் சர்க்கியூட் போர்டில் குறை தேடுவது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை சினிமா டிஸ்க்கில் தேடி யூடியூப்பில் மார்க் போடுவார். நானூறு பேர் பார்ப்பார்கள். அந்த நானூறு பேருக்காக ஜெலுத்தோங் ஃபிளாட்டில் மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

இன்றைய டிஸ்க்கை வாங்கி வந்தது மகள் தனுஜா. சின்ன வயதில் அவள் தினமும் பார்த்த கார்ட்டூன் படம், இப்போது ஹெச்.டி.யில் புதிதாக வந்திருந்தது. அப்பா மீசை எண்ணுகிற நேரம் பார்த்து அவள் அம்மா பக்கம் நகர்ந்தாள்.

"மா, நாளைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான்ல வேலைக்குச் சேரணும். அங்க பஸ்ஸை நம்பிப் போக முடியாது. கார் சாவி குடுங்கம்மா."

"உன்கிட்டயா? ஒரு டிவிடியையே கீறி நாசம் பண்ணினவ. உன் கையில குடுத்தா என் காரு என்ன கதியாகும்?"

"அப்ப எனக்கு ஆறு வயசும்மா! அதுவும் நான் கீறவே இல்ல. எத்தனை தடவைதான் சொல்றது?"

"பின்ன யாரு, பல்லி வந்து கீறுச்சா?"

பதிமூன்று வருஷமாக இதே சண்டைதான். பழைய டிவிடி சரியாக நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் கட்டம் கட்டமாக உறைந்து, ஆறு நிமிடம் தாண்டிக் குதிக்கும். ஆற்றில் வெள்ளம் வரும், அம்மா நீர்நாய் குட்டியைத் தள்ளிக்கொண்டு கரைக்கு நீந்தும். அவ்வளவுதான், ஒரே குதி. அடுத்து குட்டி மட்டும் ஆமை மாமாவோடு உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருக்கும். தனுஜா ஃபோன் கேட்டாலும் சரி, கேமரா கேட்டாலும் சரி, ரூபினி அந்தக் கீறலைத்தான் இழுப்பாள். டிஸ்க்கில் கைரேகை பட்டாலே வீட்டை இரண்டாக்குகிற தயாளனோ, அந்தக் கீறலுக்காக மகளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. எல்லாம் இவர் குடுக்கிற செல்லம் என்று ரூபினிக்கு அதிலும் எரிச்சல்.

படம் மறுபடி ஓடியது. வானம் கறுத்தது, மழை பிடித்தது.

"சரி, போதும்." தயாளன் திடீரென்று எழுந்தார். "கலருக்கு ஒன்பது, சத்தத்துக்கு எட்டு. வாங்க, சாப்பிடலாம்."

ரூபினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க இது அதிசயம்? கடைசியில பேரெல்லாம் ஓடி முடியிற வரைக்கும் ஒருத்தரையும் எழுந்திரிக்க விட மாட்டீங்க. இன்னிக்குப் பாதியிலேயே மார்க்கா?"

"பாதி பார்த்தா போதும் லா. ஃபேக்டரியில எல்லா போர்டையுமா சோதிக்கிறோம்?"

"பா, அந்தக் குதிக்கிற இடம் இனிமேதான் வருது!" தனுஜா ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "அதுல என்னதான் இருக்குன்னு பார்க்கத்தான் இதை வாங்கினதே."

"தனு, வேணாம்மா..."

இந்த முறை படம் குதிக்கவில்லை. அம்மா நீர்நாய் குட்டியைக் கரையில் ஏற்றிவிட்டது. ஆனால் அம்மாவால் ஏற முடியவில்லை. வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. விடிந்ததும் மணல் திட்டில் அம்மா அசையாமல் கிடக்க, குட்டி அதன் வயிற்றோரம் சுருண்டு படுத்துக்கொண்டது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. தயாளன் திரையைப் பார்க்கவில்லை.

"செத்துப் போச்சா?" தனுஜா அப்பா பக்கம் திரும்பினாள். "பா, அந்த அம்மா எங்கன்னு நான் தினமும் கேப்பேனே! எனக்கு ஆறு வயசுல, நம்ம அம்மா கே.எல்.லுக்குக் கோர்ஸ் போன ரெண்டு மாசமும் கேட்டேன். 'நம்ம அம்மா மாதிரியே அதுவும் கோர்ஸுக்குத்தான் போயிருக்கு, வந்துரும்'னு சொன்னீங்களே!"

தயாளன் தட்டு எடுக்கப் போகிறவர் மாதிரி சமையலறைக்குள் போய்விட்டார்.

"இந்த வீட்டுல கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் நேரா பதில் சொல்லிட மாட்டீங்க," என்று எரிந்து விழுந்த ரூபினி, அலமாரியைத் திறந்து பழைய டிவிடியை எடுத்தாள். "இந்தா, நீ பண்ணி வச்ச வேலையை நீயே பாரு!"

ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கீறலை அவள் உற்றுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கன்னாபின்னாவென்று கிறுக்கியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அங்கே இருந்தவை மூன்று வளைவுகள். காம்பஸ் வைத்து இழுத்த மாதிரி, மூன்றும் ஒரே நீளம், ஒரே இடைவெளி, மயிரிழைகூடப் பிசகவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு இது வராது.

ரூபினி சமையலறைப் பக்கம் பார்த்தாள். கழுவி வைத்த தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார் தயாளன்.

அவள் கைப்பையைத் திறந்து கார் சாவியை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

அந்த இரண்டு மாதமும் ரூபினி கோலாலம்பூர் பக்கமே போகவில்லை, பிழைப்பாளா என்று டாக்டராலேயே சொல்ல முடியாமல், இதே ஊரில், ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் படுத்துக் கிடந்தாள்.