பட்டாளத்து வீட்டுக்கு வந்த கடிதம்

கவரைப் பிரித்து நாலு வரி படித்ததுமே அறிவுச்செல்வன் பொய் சொல்ல ஆரம்பித்தான்.

"தாத்தா ரொம்ப தைரியமா சண்டை போட்டாராம் அத்தை. வெள்ளைக்கார ஆபீசரே பாராட்டி எழுதியிருக்கான்."

சரோஜா அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்தத் தேதியில?" என்றாள்.

அறிவு தேதியைத் தேடுகிற மாதிரி கடிதத்தை முகத்துக்கு நேரே தூக்கினான். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கின போஸ்ட்மேன் பக்ருதீன் வேறு, போகிற வழியைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றார். பட்டாளத்து வீட்டுக்குப் பட்டாளத்திலிருந்தே கடிதம் வந்திருக்கிறது. விஷயம் தெரியாமல் சைக்கிளை எப்படி எடுப்பார்?

அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் பட்டாளத்து வீடு என்றால் அதுதான். தாத்தா வேடியப்பன் நாற்பத்திரண்டில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாவில் ஜப்பான்காரனோடு மல்லுக்கட்டி, நாற்பத்தாறில் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவர். சாகிற வரைக்கும் டீக்கடையில் குண்டுக்குத் தப்பிய கதை சொன்னவர். ஒவ்வொரு வருஷமும் குண்டு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை, போருக்குப் போன ஊர்க்காரர்களின் பேர் வெட்டிய கல்லைத் திறக்கிறார்கள். முதல் பேர் வேடியப்பன். வரவேற்புரை பேரன், வாத்தியார் அறிவுச்செல்வன். மேடையில் காட்ட ஒரு ஆதாரம் இருந்தால் ஜோராக இருக்குமே என்று பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசுக்கு ஏழு கடிதம் போட்டிருந்தான்.

ஏழாவதுக்குப் பதில் வந்துவிட்டது. ஆறோடு நிறுத்தியிருக்கலாம்.

"தேதி கேட்டேனே?"

அத்தை முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இங்கிலீஷ் தெரியாது. நம்பர் தெரியும். கடிதத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

"நாப்பத்திமூணுன்னு போட்டிருக்கே, இது இன்னா?"

"அது... மெடல் குடுத்த வருஷம்."

"மெடல் எங்க?"

"பர்மாவுல ஆத்துல விழுந்துடுச்சாம்."

"ஆத்துல விழுந்ததையும் ஆபீஸ்காரன் எழுதி வச்சிருக்கானா?"

அறிவு அடுத்த பொய்யைத் தேடினான். அதற்குள் கடிதம் அத்தை கைக்குப் போய், அங்கிருந்து வாசலுக்குப் போய்விட்டது.

"பாய், இருபத்தெட்டு வருஷமா இங்கிலீஷ் அட்ரஸா படிக்கிறீங்க. இத படிச்சு சொல்லுங்க."

பக்ருதீன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அத்தையின் முதுகுக்குப் பின்னால் அறிவு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

"வேற நாளா இருந்தா பரவால்ல வாத்தியாரே. நோன்பு வச்சிருக்கேன்" என்றார் பக்ருதீன் வருத்தமாக. பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னார்:

"அவரு கப்பலே ஏறலம்மா. பதினொண்ணு ரெண்டு நாப்பத்திமூணுல பட்டாளத்த விட்டு ஓடிட்டாராம். அதுக்கப்புறம் தேடித் தேடிப் பாத்தும் ஆளு கிடைக்கலியாம்."

அத்தை விரல்விட்டு ஏதோ எண்ணினாள். ஒரு தரம் எண்ணி, நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் எண்ணினாள்.

அழப்போகிறாள் என்று அறிவு சொம்பில் தண்ணீர் எடுக்க ஓடினான். திரும்பி வந்து பார்த்தால் அத்தையையும் காணோம், கடிதத்தையும் காணோம், செருப்பையும் காணோம்.

"பஸ் ஸ்டாப் பக்கம் போறாங்க. சிரிச்சிக்கினே போறாங்க" என்றார் பக்ருதீன்.

பஸ் ஸ்டாப்பில் இருக்கும் சிந்துஜாவின் எஸ்.டி.டி. பூத்தில்தான் ஊரிலேயே ஒரே ஜெராக்ஸ் மெஷின். அறிவு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினி காப்பி பெரியம்மா?"

"நம்ம தெருவுல எத்தினி வீடு?"

"அறுவத்திரெண்டு இருக்கும்."

"அறுவத்திரெண்டு போடு. தேதி பளிச்சுனு தெரியணும்."

"அத்தை! குடும்ப மானமே போயிடும்!"

அத்தை திரும்பினாள். இப்போது சிரிக்கவில்லை.

"ஓடினவரு எங்க ஒளிஞ்சிருப்பாரு, சொல்லு பாப்பம். மலை சுத்துற பாதையில நூறு சாமியாரு உக்காந்திருக்கான். தாடி வச்சு காவி கட்டிக்கினு நூத்தியொண்ணாவதா உக்காந்தா எந்த மிலிட்டரிக்காரன் கண்டுபிடிப்பான்?"

அறிவுக்குப் புரியவில்லை. மெஷின் ஓட ஆரம்பித்தது.

"எங்க நைனா பர்மாவுல இருக்காருன்னு ஊரு நெனச்ச காலத்துல, தெனம் மத்தியானம் ஒரு சாமியாரு எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து சோறு வாங்கித் தின்னாரு. நாப்பத்திநாலு தையில நான் பொறந்தேன். அம்பத்தேழு வருசமா இந்த ஊருல என்னை இன்னான்னு சொல்றாங்க? உனக்கும் தெரியுமில்ல?"

தெரியும். சாமியாருக்குப் பிறந்தவள். சின்ன வயசில் அவனே ஒரு சண்டையில் சொல்லி, அப்பாவிடம் அறை வாங்கியிருக்கிறான்.

"வாயத் தொறந்தா புருசன் ஜெயிலுக்குப் போவான்னு எங்கம்மா கடைசி வரைக்கும் தொறக்கவேயில்ல. இவரு நாப்பத்தாறுல பெட்டியத் தூக்கிக்கினு வந்தாரு. வந்ததும் என்னைத் தூக்கி மடியில வச்சிக்கினாரு. அதுக்கு ஊரு இன்னா சொல்லிச்சு தெரியுமா? யாருக்கோ பொறந்தத தன் புள்ளையா ஏத்துக்கினானே, எம்மாம் பெரிய மனசுன்னு."

முதல் காப்பி சுடச்சுட வெளியே வந்தது. அத்தை அதை எடுத்து ஊதினாள்.

"அந்தப் பேரையும் வேணாம்னு சொல்லாம வாங்கி வச்சிக்கினாருடா, உங்க தாத்தா."