ஈரலில் வந்த கட்டி

தனசேகர் என் மேசைக்கு எதிரே நின்றிருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றே கேட்கட்டும் என்றுதான்.

நகரிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தவர். கோழிகள் ஐந்தாம் மாதத்தில் மெலிந்து, ஈரல் முழுக்கக் கட்டியோடு செத்துக்கொண்டே இருந்தன. நேற்று பண்ணையை விற்றுவிட்டாராம். எதனால் அழிந்தோம் என்றாவது தெரிய வேண்டும் என்று திருப்பதிக்கு பஸ் ஏறி, எங்கள் கால்நடை ஆய்வகத்துக்கு வந்திருக்கிறார்.

"ரேகாம்மா, ரிசல்ட் வந்துட்சா? உங்கம்மா வாத்து உட்டுட்டுப் போன நோவுதானே?"

அந்த ஆளுக்கு இன்னும் குற்றவாளி எங்கள் வாத்துதான்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, அவர் கோழிகள் சாக ஆரம்பித்த சமயம், பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் ஒரு டாக்டர் பேசினார். கோழி, வாத்து, வான்கோழி, எல்லாவற்றிலும் கட்டி உண்டாக்கும் வைரஸ்கள் ஒரே குடும்பம் என்றார். தனசேகருக்கு அது போதும். மறுநாள் காலையில் ஆட்களோடு வந்து, ஏரிக்கரையில் குழி வெட்டி, அவர் பண்ணைப் பக்கம் மேய்ந்த எங்கள் வாத்துகள் அத்தனையையும் உயிரோடு புதைத்தார். என் அம்மா கன்னியம்மாள் அவர் காலில் விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

நான் அதை மறக்கவில்லை. மறக்க விருப்பமும் இல்லை.

குழியை மூடுவதற்குள் ஒரு வாத்தைத் துப்பட்டாவில் சுருட்டி எடுத்து வந்தேன். அன்றைக்கே அதுவும் செத்தது. அதன் ஈரலை நான் படித்த கல்லூரியின் ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினேன்.

இப்போது காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன். வைரஸ்களின் வம்சாவளி, கிளை கிளையாக வரைந்தது. வாத்தின் வைரஸ் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். அவர் கோழிகளின் வைரஸை ஒட்டி, கூடப் பிறந்தது போல, வேறொன்று இருந்தது.

சங்கராந்திப் பந்தயத்துக்கு அவர் வளர்க்கும் சேவல்களின் வைரஸ்.

பாதாம் ஊட்டி, மடியில் வைத்துத் தடவி, அதே கையோடு கோழிக் கொட்டகைக்குள் போவார். பந்தயச் சேவலுக்கு நோய் என்று யாராவது வாயால் சொன்னாலே அது தோற்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் எந்த டாக்டரிடமும் அவற்றைக் காட்டியதில்லை. செத்த கோழியை முதன்முதலாக இங்கே பரிசோதனைக்குக் கொண்டு வந்தபோது நான் சேவல் இறகும் கேட்டேன்; வேடிக்கை என்று சிரித்துக்கொண்டே பிடுங்கிக் கொடுத்தார். சேவல்கள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. அவை வைரஸைச் சுமந்தன, கோழிகள் செத்தன.

தனசேகர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த அந்த இரண்டு கிளைகளையும் விரலால் தொட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

"இத்த முன்னாடியே தெரிஞ்சிருந்தா சேவல் கழுத்தத் திருகிப் போட்டிருப்பனேம்மா. மூணு பேட்ச்சு கோழி பொழச்சிருக்கும்."

காகிதத்தின் மேலே இருந்த தேதியை விரலால் காட்டினேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அதற்குப் பிறகு மூன்று முறை, புதுக் குஞ்சு இறக்குவதற்கு முன்னால், அவர் இதே இடத்தில் வந்து நின்று கேட்டிருக்கிறார். மூன்று முறையும் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றேன்.

கடைசி முறை, தைரியமாக இறக்குங்கள் என்றும் சொன்னேன்.