சிவப்பு உடுப்பு

அந்த இங்கிலாந்துக் கோட்டைச் சிறையில், நானூறு வருடங்களுக்கு முன் கைதிகள் சுவரில் கீறிய பெயர்களைக் கண்ணாடி போட்டுக் காத்துவந்தார்கள்.

"கைதியின்ர பேருக்கு என்ன மரியாதை பார் பிள்ளை," என்றார் மகளிடம் குணநாயகம், யாழ்ப்பாணத்தில் புடவைக்கடை வைத்திருந்தவர்.

வாசலில் சிவப்பு உடுப்புக் காவலாளி நின்றான். "சாயம் போகாத துணி," என்று மெச்சியபடியே சட்டைப்பையிலிருந்து மகனின் படத்தை எடுத்து நீட்டினார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று இராணுவ உடுப்பில் வந்தவர்கள் அவனைக் கூட்டிப்போன நாளிலிருந்து, உடுப்புப் போட்ட எவரைக் கண்டாலும் "இவனைக் கண்டனீங்களோ?" என்று கேட்பது அவர் வழக்கம்.

"அப்பா, இவர் சும்மா காட்சிக்கு நிக்கிறவர்!" என்று மகள் பதறினாள்.

காவலாளி படத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்து, அவள் கையிலிருந்த போனுக்குப் போஸ் கொடுத்துச் சிரித்தான்.

"எடு பிள்ளை," என்றார் அவர். "இத்தனை வருசத்தில இவன் ஒருத்தன்தான் கையில வாங்கியிருக்கிறான்."