பதினோராவது மகன்

கேளுங்கள் கண்ணுகளா. பைபாஸ் ஓரத்துக் காகங்களுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டதென்று, எல்லாவற்றையும் பிடித்துப் பறவை மருத்துவமனையில் சேர்த்துவிட்ட காலம் அது. அமாவாசையும் வந்தது. காகம் சாப்பிடாமல் தனக்கோடி வாயில் பருக்கை வைக்க மாட்டார். அவருக்கோ சர்க்கரை வியாதி. பசி தாங்காமல், இலைச்சோற்றோடு வார்டுக்கே போய்விட்டார்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?" என்றாள் நர்ஸ் பரிமளம்.

"மகன்."

"இந்த ஒண்ணுதான் கண்ணு முழிச்சிருக்கு. காலையிலேருந்து இதுக்கு நீங்க பதினோராவது மகன். வெளிச்சாப்பாடு கூடாது, மருந்துச் சோறுதான்."

"அதையே என் கையால வைக்கிறேம்மா. இல்லன்னா அடுத்த கூண்டுல நான் படுக்கணும்."

பரிமளம் கிண்ணத்தைக் கொடுத்தாள். தனக்கோடி கூண்டுக்குள் வைத்தார். காகம் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"அப்பாவேதான்," என்றார் அவர். "மருந்துன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

பரிமளம் கூண்டருகே குனிந்தாள். "சாப்பிட்டுடுப்பா. எங்க அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. நானும் காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல," என்றாள் தாழ்ந்த குரலில்.

காகம் யோசித்தது. பிறகு கொத்தத் தொடங்கியது.

தனக்கோடி தரையில் உட்கார்ந்து இலையைப் பிரித்தார். பாதிச் சோற்றை அவள் பக்கம் ஒதுக்கினார்.

"வா தங்கச்சி, சாப்பிடு."